கைக்கேற்ற கருவி



ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். பிறருக்குப் பாடம் சொல்லியே வாழ்நாளைக் கழித்த நான், காலங்கடந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை இன்று உங்களிடம் ஒப்புவிக்க வந்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கிடைக்கச் செய்வது எவ்வாறு, கிடைத்த வேலையில் அவர்கள் நிலைத்து நிற்கத் துணை செய்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர். ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். பள்ளிக்கு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. தெருவின் இரைச்சல் எட்டாது என்பதற்காகப் பத்தாம் வகுப்பை மாடியில் வைத்திருந்தார்கள். எனக்கு முன்பிருந்தோர் செய்த ஏற்பாடு அது. நானும் அதை மாற்றவில்லை. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பிற்கு வந்த மாணவன் ஒருவனுக்கு இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பியிருந்தன. கணக்கில் கெட்டிக்காரன். நாள்தோறும் கையை ஊன்றி ஊன்றி, படிப்படியாக உட்கார்ந்தே மாடி ஏறுவான். அதைக் கண்டு நான் நெகிழ்ந்தேன். காலை வழிபாட்டில் அனைவர் முன்னிலையிலும் அவனுடைய விடாமுயற்சியைப் புகழ்ந்தேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

வீட்டுக்குச் சென்று கேட்டேன். "மழை பெய்தால் படி சேறாகிவிடுகிறது, ஐயா. சேற்றுத் துணியோடு வகுப்பில் உட்கார வெட்கமாக இருக்கிறது" என்றான். திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த வகுப்பில் இருந்தவை சில பெஞ்சுகளும் ஒரு கரும்பலகையுமே. நாற்பது மாணவர்கள் சேர்ந்தால் அவற்றைக் கீழே கொண்டுவர அரை மணி நேரம் போதும். மறு திங்கட்கிழமை அப்படியே செய்தோம். அரை மணிகூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் அவனை வெளியூரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பிறகு திரும்பி வரவில்லை.

அவனைப் புகழ எனக்குத் தெரிந்தது. வகுப்பைக் கீழே இறக்கத் தெரியவில்லை. நேயர்களே, மாற்றுத்திறனாளிகளின் வேலை குறித்து நம் நாட்டில் நடக்கும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு பிழையின் வேறு வேறு வடிவங்களே என்று நான் கருதுகிறேன்.

இதனைச் சற்று விளக்குகிறேன். என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றி வைத்தால் எனக்குச் செய்தித்தாளின் தலைப்புக்கூடத் தெரியாது. ஆயினும் என்னை யாரும் பார்வைக் குறை உடையவன் என்று சொல்லவில்லை; வேலையை விட்டும் நீக்கவில்லை. ஏன்? என் கண்ணின் குறையை ஈடு செய்யும் கருவி கடைதோறும் கிடைக்கிறது. அதை அணிவதை உலகம் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே, ஒருவரால் ஒரு வேலையைச் செய்ய இயலாது என்னும்போது அதற்குக் காரணம் அவருடைய உடலில் மட்டும் இல்லை. அவர் ஏற வேண்டிய படியிலும், பிடிக்க வேண்டிய கருவியிலும், கேட்க வேண்டிய மணியோசையிலும் பாதிக் காரணம் இருக்கிறது. உடலை மாற்றுவது மருத்துவருக்கும் எளிதன்று. படியையும் கருவியையும் மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தேனியில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை உங்களுள் பலர் அறிவீர்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் தொடங்கிய கிளை அது. அந்நிறுவனத்தை 1976 ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1918 இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதை எட்டும்போது கடுமையான முடக்கு வாதம் அவரைத் தாக்கியது. 1948 இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் கோணித் திருகிக்கொண்டன. எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாயிற்று. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று விரும்பியிருந்தவர் அவ்வெண்ணத்தைக் கைவிட நேர்ந்தது.

அவர் கண் மருத்துவம் பயின்றார். கண்ணில் செய்யும் அறுவையோ மயிரிழை பிசகினாலும் கெடும் வேலை. திருகிய விரல்களைக் கொண்டு அதை எவ்வாறு செய்வது? தம் விரல்களுக்கு ஏற்றவாறு அமைந்த கருவிகளைச் செய்வித்துக்கொண்டார். அவற்றைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. 2006 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் அவருடைய மன உறுதியைப் போற்றி முடித்துவிடுவது வழக்கம். மன உறுதி மெய்தான். ஆனால், அந்தக் கருவிகள் இல்லாமற் போயிருந்தால்? 'இந்தக் கையா கண்ணைத் தொடுவது?' என்று சொல்லி அறுவை அரங்கின் கதவை ஒருவர் சாத்தியிருந்தால்? அதே மன உறுதி வீட்டுத் திண்ணையில் கிடந்து வீணாகியிருக்கும். எத்தனையோ ஆயிரம் கண்கள் இருண்டே இருந்திருக்கும். கைக்கேற்ற கருவி ஒன்று, அதைப் பயன்படுத்த இடங்கொடுத்த பணியிடம் ஒன்று: இவ்விரண்டும் மன உறுதியோடு சேர்ந்தபோதுதான் பயன் விளைந்தது. இந்த மூன்றில் முதலிரண்டைத் தருவது சமுதாயத்தின் கடமை.

இவ்வாறு ஒருவருக்கெனச் செய்யும் ஏற்பாடு பின்னர் எல்லோருக்கும் பயன்படுவதும் உண்டு. இத்தாலி நாட்டில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் பார்வையிழந்த தம் தோழி ஒருத்தி பிறர் துணையின்றிக் கடிதம் எழுதுவதற்காக ஓர் எழுத்துப் பொறியை அமைத்தார். அதில் 1808 ஆம் ஆண்டளவில் அச்சான கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பிற்காலத்தில் அலுவலகங்களை ஆண்ட தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. வேறொரு நோக்கத்துக்காகச் செய்த மாற்றம் மாற்றுத்திறனாளிக்கு வழி திறப்பதும் உண்டு. நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்தை எண்ணிப் பாருங்கள். முன்பு விலையை வாயால் கூவிக் கேட்டார்கள். செவிப்புலன் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. இப்போது ஏலம் மின்னணு முறையில் நடக்கிறது. விலை திரையில் தோன்றுகிறது. காது கேளாத வணிகர் ஒருவர் பிறருக்குச் சமமாக அங்கே அமரலாம். அவருக்காகவென்று யாரும் இதைச் செய்யவில்லை. ஆயினும் கதவு திறந்துவிட்டது. எண்ணாமல் செய்ததே இவ்வளவு பயன் தருமானால், எண்ணிச் செய்தால் எவ்வளவு பயன் தரும்!

இனி, நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இவர்களுள் வேலையில் இருந்தோர் 100க்கு 36 பேரே. ஆண்களைத் தனியே எடுத்தால் 47. பெண்களை எடுத்தால் 23. குறை ஒன்று, பெண்ணாகப் பிறந்ததால் அதன் சுமை மற்றொன்று. வீட்டிலேயே இருக்கட்டும் என்னும் அன்பும் ஒருவகையில் பூட்டிய கதவுதான் என்பதை இந்த எண் நமக்கு உணர்த்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பணிகளில் 100க்கு 3 இடங்களை ஒதுக்கியது. 2006 இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. 2007 இல் இந்தியா அதனை உறுதி செய்தது. அதற்கேற்ப 2016 ஆம் ஆண்டில் புதிய உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒதுக்கீடு 100க்கு 4 ஆயிற்று. முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. கற்றல் குறைபாடு, புற உலகச் சிந்தனைக் குறைபாடு, மனநோய் ஆகியவற்றை உடையோருக்கும் ஒதுக்கீட்டில் பங்கு கிடைத்தது. சலுகை என்னும் சொல் பின்வாங்க, உரிமை என்னும் சொல் முன்வந்தது.

இச்சட்டத்தில் ஒரு கருத்தை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளி பிறருக்குச் சமமாகப் பணி செய்வதற்குத் தேவையான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமையாக இல்லாத வரையில், செய்து தர வேண்டும் என்பதே அது. இதனைத் தக்க ஏற்பாடு என்போம். அதைச் செய்ய மறுப்பதையும் வேற்றுமை பாராட்டல் என்றே சட்டம் கொள்கிறது. மேலும், அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு நேர்ந்தால் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் அவருக்கு ஏற்ற வேறு பணி தர வேண்டும். பணியின்போது காயமுற்றுக் காலை இழந்த குணால் சிங் என்னும் காவலரை வேலையை விட்டு நீக்கியபோது, அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனமும், சம வாய்ப்புத் தர என்ன செய்யப் போகிறது என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் தனியார் துறையில் இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. நம் பள்ளத்தாக்கில் பெரும்பாலான வேலைகள் தோட்டங்களிலும் கிடங்குகளிலும் கடைகளிலும் சிறு ஆலைகளிலுமே இருக்கின்றன. அங்கே சட்டத்தின் கை குறுகியது. நம் அறிவும் மனமும்தான் நீள வேண்டும்.

தக்க ஏற்பாடு நான்கு வகைப்படும் என்று நான் வகுத்துக்கொண்டிருக்கிறேன். வழி, கருவி, நேரம், செய்தி என்பன அவை. படிக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைப்பதும், அலுவலகத்தைக் கீழ்த்தளத்தில் வைப்பதும், கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையக் கதவை அகலமாக்குவதும் வழி. மேசையின் உயரத்தைக் கூட்டுவதும், நின்று செய்யும் வேலைக்கு முக்காலி தருவதும், கணினியில் திரைவாசிப்பு மென்பொருளை நிறுவுவதும் கருவி. காலைக் கூட்ட நெரிசலில் பேருந்து ஏற இயலாதவருக்கு அரை மணி தாமதமாக வர இசைவதும், மருந்து உண்ண இடைவேளை விடுவதும் நேரம். காது கேளாதவருக்கு ஆணையை எழுதித் தருவதும், அபாய மணியோடு சிவப்பு விளக்கும் எரியச் செய்வதும், சைகை மொழியில் நாற்பது ஐம்பது சொற்களையேனும் உடன் பணிபுரிவோர் கற்பதும் செய்தி.

இவற்றுள் பணம் மிகுதியாக வேண்டுபவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். திரைவாசிப்பு மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கர்ரன் 2006 இல் அத்தகைய மென்பொருள் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவரோடு இணைந்தார். என்.வி.டி.ஏ. என்னும் அந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். கணினித் திரையில் உள்ளதை அது தமிழிலும் வாசித்துக் காட்டும். ஒரு ரூபாய் செலவின்றி ஒருவர் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் இயலும்போது, 'எங்களிடம் வசதியில்லை' என்னும் விடை பொருந்துமா?

நம் வட்டாரத் தொழில்களுக்கு வருவோம். இலக்கண வகுப்பில் பதம் பிரிக்கக் கற்றீர்கள் அல்லவா? அதுபோல் ஒரு வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏலக்காய்க் கிடங்கின் வேலை என்றால் என்ன? மூட்டை தூக்குவது ஒன்று. சல்லடையில் சலித்துப் பருமனுக்கேற்பப் பிரிப்பது ஒன்று. நிறம் பார்த்துப் பொறுக்குவது ஒன்று. எடை போடுவது, பை தைப்பது, கணக்கெழுதுவது எனப் பல. நடக்க இயலாதவருக்கு மூட்டைதான் தடை. சலிப்பதும் பொறுக்குவதும் கணக்கும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். காது கேளாதவருக்குப் பொறுக்குவதில் தடையே இல்லை. பார்வையற்றவருக்கு நிறம் பார்ப்பது தடை. ஆனால் தொலைபேசியில் வணிகம் பேசுவதில் தடையில்லை. 'கிடங்கு வேலை இவரால் ஆகாது' என்று மொத்தமாகச் சொன்னால் எல்லாக் கதவும் அடைபடுகிறது. பிரித்துப் பார்த்தால் ஒரு கதவு அடைபட, ஐந்து கதவுகள் திறந்திருக்கக் காண்கிறோம்.

திராட்சைத் தோட்டமும் அப்படியே. தலைக்கு மேலே கைதூக்கிப் பந்தலில் செய்யும் வேலை சிலருக்கு இயலாது. பறித்த குலைகளில் கெட்ட பழம் நீக்கி அடுக்கும் வேலையைத் தரையில் பரப்பாமல் மேசைமீது வைத்தால், சக்கர நாற்காலியில் இருப்பவரும் செய்யலாம். முதுகு வலிக்கும் மற்றவர்களும் நன்றி சொல்வார்கள். ஆண்டிபட்டிப் பகுதியில் தறி மிதிக்கக் கால் வேண்டும். தார் சுற்றக் கை போதும். 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டப்படி நடந்த பணிகளிலும் மண்வெட்ட இயலாதவருக்குக் குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்றவை தனியே குறிக்கப்பட்டிருந்தன. பதம் பிரிக்கும் அறிவு அரசுக்கும் வரும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பார்வையற்றவர் என்றால் நாற்காலி பின்னுவது, கால் இயலாதவர் என்றால் தொலைபேசிக் கடை என்று ஒரு காலத்தில் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். பிரிப்பது கதவைத் திறப்பதற்கே. ஒருவரை ஒரு மூலையில் உட்கார்த்தி வைப்பதற்கு அன்று. முழுப் பார்வையின்மையோடு பிறந்த சென்னைப் பெண்ணாகிய பெனோ செபைன் 2015 இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அவருக்கு முன் அத்தகையோர் எவரும் அப்பணியில் இருந்ததில்லை. தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்தபோது 1975 இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981 இல் அதைத் தோற்றுவித்தார். இன்னார்க்கு இன்ன வேலை என்று மேசையில் அமர்ந்து வகுத்தவர் எவரும் இவ்விருவருக்கும் இப்பணிகளை எழுதியிருக்க மாட்டார். ஆகவே, 'உங்களுக்கு என்ன வேலை தெரியும்? அதைச் செய்ய என்ன வேண்டும்?' என்று அவரையே முதலில் கேளுங்கள். ஏற்பாடு பற்றிய அறிவு அவரிடமே மிகுதியாக இருக்கும்.

வேலை தருவோர் மூன்று தயக்கங்களைச் சொல்வார்கள். செலவாகும் என்பது முதலாவது. அதற்கு விடை கண்டோம். வேலை மெதுவாக நடக்கும் என்பது இரண்டாவது. புதிதாகச் சேர்ந்த எவரும் முதல் மாதத்தில் மெதுவாகத்தான் செய்வார். ஏற்ற கருவியைக் கொடுத்துவிட்டு அளந்து பார்ப்பதே நேர்மை. விபத்து நேரும் என்பது மூன்றாவது. வழியில் சாக்கு மூட்டை கிடந்தால் கண் உள்ளவரும் தடுக்கி விழுவார். மாற்றுத்திறனாளிக்குப் பாதுகாப்பான பணியிடம் எவருக்கும் பாதுகாப்பான பணியிடமே. எல்லா வேலையும் எல்லோராலும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆகாது என்பதைச் சோதித்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாணவர்களே, உங்களுள் குறைபாடு உடையவர்கள் இருப்பீர்கள். மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் காலத்தே பெற்றுக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் படியை ஏறக் கூச வேண்டாம். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவியும் கூடுதல் நேரமும் கேட்பது பிச்சையன்று. நான் கண்ணாடி அணிவது போன்றதே. உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். நாளை நேர்காணலில் அதுவே உங்களுக்குப் பெருந்துணையாகும்.

மற்ற மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். நீங்கள் நாளை பொறியாளர்கள், கடை முதலாளிகள், தலைமையாசிரியர்கள் ஆவீர்கள். ஒரு கட்டடத்தின் வரைபடம் உங்கள் முன்னே விரியும். வேலை கேட்டு ஒருவர் ஊன்றுகோலோடு வாசலில் நிற்பார். அப்போது அவரைக் கண்டு இரக்கப்படுவதோ வியந்து புகழ்வதோ போதாது. அவருக்கும் வேலைக்கும் நடுவே நிற்பது எது என்று பாருங்கள். அது ஒரு படியாக இருக்கலாம். ஒரு மேசையின் உயரமாக இருக்கலாம். வெறும் வழக்கமாகவும் இருக்கலாம். அதை அகற்ற எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுங்கள்.

எனக்கு அரை மணி நேரமே ஆயிற்று. அந்த அரை மணியை நான் ஜூன் மாதத்தில் செலவிட்டிருந்தால், கணக்கில் கெட்டிக்காரனான அந்தப் பிள்ளை இன்று ஏதேனும் ஓர் அலுவலகத்தில் கணக்கராக அமர்ந்திருப்பான். நான் ஓய்வு பெறும் வரை பத்தாம் வகுப்பு கீழ்த்தளத்திலேயே நடந்தது. தெருவின் இரைச்சலால் எவருடைய படிப்பும் கெடவில்லை.